இரவல் ஏட்டுக்கு ஒரு கணக்கு

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், நெல்லும் மணிலாவும் விளையும் வயல்களுக்கு நடுவே இருக்கிறது மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணரின் தலைமைப் பீடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான். பார்சுவநாதர் கோயிலுக்கு வருகிறவர்கள் கோபுரத்தையும் மானஸ்தம்பத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மடத்தில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன என்ற நினைப்பு பலருக்கு வராது. சமணர் போற்றும் தானங்கள் நான்கு: உணவு, மருந்து, அடைக்கலம், நூல். பசித்தவனுக்குச் சோறு போடுவதும் படிக்கிறவனுக்கு ஏடு கொடுப்பதும் ஒரே வரிசையில் நிற்கும் அறங்கள். ஏட்டைக் கொடுப்பதென்றால் அதைப் படியெடுக்க வேண்டும். படியெடுத்தவர் கடைசி ஏட்டில் இது யார் எழுதியது, எவருக்காக எழுதியது, எந்த ஆண்டு எந்த மாதம் எழுதி முடிந்தது என்று குறிப்பு வைப்பது தமிழ்ச் சுவடிகளில் காணும் வழக்கம். பிழை இருந்தால் பொறுத்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று வேண்டுவதும் உண்டு. கணினியோடு கழிந்த ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும்போது அந்தக் கடைசி ஏடுதான் எனக்கு மனத்தில் வந்து நிற்கிறது. பிறர் உழைப்பை எடுத்து ஆள்கிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அந்தச் சில வரிகள் சொல்லிவிடுகின்றன. எங்கள் தலைமுறைப் புரோகிராமர்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட பாடமும் அதுதான்.

நிரல் எழுதுகிறவர் யாரும் இன்று முழுவதையும் தன் கையால் எழுதுவதில்லை. தேதியைக் கணக்கிட ஒரு லைப்ரரி, பிடிஎஃப் ஆக்க ஒரு லைப்ரரி, வரைபடம் போட ஒன்று, கடவுச்சொல்லைப் பூட்டி வைக்க ஒன்று என்று எடுத்துச் சேர்க்கிறோம். நம் சொந்த நிரல் இவற்றைத் தைத்து இணைக்கும் நூல் அளவுக்குத்தான் இருக்கும். அதில் தவறில்லை, நூறு பேர் சரிபார்த்துத் தீர்த்துவைத்த ஒரு வேலையை மறுபடி முதலிலிருந்து செய்வது வீண். தவறு வேறிடத்தில் நடக்கிறது. இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்ததும் அந்தப் பொருள் நமதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்தக் கணத்தில் நாம் இரவல் வாங்கியிருக்கிறோம். லைசென்ஸ் என்ற சிறிய உரைக்கோப்பு, கொடுத்தவர் சொன்ன நிபந்தனை. அந்தக் கோப்பும் மென்பொருளின் ஒரு உறுப்பு, அதைப் படிக்காமல் நிறுவியவர் பாதி மென்பொருளைத்தான் நிறுவியிருக்கிறார் என்பதே நான் சொல்ல வருவது. மீதிப் பாதியின் விலையைப் பின்னால் வருகிறவர் கொடுப்பார்.

1990-களின் இறுதியில் விசுவல் பேசிக்கில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். சென்னையிலும் புதுச்சேரியிலும் சின்னச் சின்ன அலுவலகங்கள், அரிசி மண்டிக்குப் பில்லிங், பள்ளிக்கூடத்துக்குச் சம்பளப் பட்டியல், மருந்துக்கடைக்குச் சரக்கு இருப்பு என்று மென்பொருள் எழுதிக் கொடுத்தன. அட்டவணைக் கட்டம், அறிக்கை அச்சிடும் பகுதி, வரைபடம் எல்லாம் வெளிநாட்டு நிறுவனங்கள் விற்ற ஓசிஎக்ஸ் என்ற ஆயத்த உறுப்புக் கோப்புகளாக வந்தன. அந்தக் கோப்புக்கு இரண்டு உரிமைகள். நிரல் எழுதும் மேசையில் அதைத் திறந்து, படிவத்தில் வைத்து, வடிவமைக்கும் உரிமை ஒன்று. அதற்கு டிசைன் டைம் லைசென்ஸ் என்று பெயர், ஆளுக்கு ஒன்று விலைக்கு வாங்க வேண்டும். எழுதி முடித்த மென்பொருளோடு அந்தக் கோப்பை வாடிக்கையாளரின் கணினியில் வைத்து ஓட்டும் உரிமை மற்றொன்று; அது ரன் டைம் உரிமை, பெரும்பாலும் தனிக் காசு கிடையாது. தச்சருக்கு உளி, வீட்டுக்காரருக்குக் கதவு என்பது போன்ற ஏற்பாடு. வேறொரு கணினிக்கு அந்தக் கோப்பை மட்டும் நகலெடுத்துப் பதிவுசெய்துவிட்டு வேலையைத் தொடங்கினால், மென்பொருள் ஓடும். ஆனால் படிவத்தைத் திறந்து திருத்தப் போனால், வடிவமைப்பதற்குத் தகுந்த உரிமம் இல்லை என்ற அறிவிப்பு வந்து நிற்கும். எழுதிய ஆள் வேலையை விட்டுப் போயிருப்பார், அவர் கணினி பழுதாகிப் போயிருக்கும், உரிம எண் எந்தத் தாளில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. மண்டியின் பில்லில் வரி விகிதத்துக்காக ஒரு கட்டம் கூட்ட முடியாமல் மென்பொருள் முழுவதையும் மாற்றி எழுதிய அலுவலகங்கள் அப்போது உண்டு. குறிப்பு எழுதி வைக்காததற்குக் கொடுத்த விலை அது.

தமிழில் வேலை செய்தவர்களுக்கு அந்த விலை இன்னும் கூடுதல். ஆங்கிலத்தில் எழுதும் புரோகிராமருக்கு எழுத்துரு ஒரு அலங்காரம். நமக்கு அதுவே அடிமனை. ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியேற்றம் வைத்திருந்த காலம். ஒரு எழுத்துருவில் 'அ' இருந்த எண்ணில் இன்னொன்றில் 'ணை' இருக்கும். ஆகவே ஒரு எழுத்துருவை மென்பொருளில் சேர்ப்பது என்றால், அந்த மென்பொருளில் சேரும் தரவு அத்தனையையும் அந்த எழுத்துருவின் உரிமத்தோடு கட்டிப்போடுவது. ட்ரூடைப் எழுத்துருக் கோப்புக்குள் ஒரு சிறிய எண் உண்டு. அது 0 என்றால் ஆவணத்தோடு சேர்த்து அனுப்பலாம், பெறுகிறவர் நிறுவிக்கொள்ளவும் செய்யலாம். 4 என்றால் பார்க்கவும் அச்சிடவும் மட்டும். 8 என்றால் திருத்தலாம். 2 என்றால் உரியவரின் அனுமதி இல்லாமல் ஆவணத்தில் பொதியவே கூடாது. உரிமம் கோப்பின் வயிற்றுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. திறந்து பார்த்தவர்கள் குறைவு. பிளாப்பியில் எழுத்துருவை நகலெடுத்துக் கொடுப்பது உதவியாகவே கருதப்பட்டது. அப்படிக் கொடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தமிழில் ஒரு கடிதம் அடிக்க வேறு வழி இல்லாதபோது அவர்கள் கொடுத்தார்கள். ஆனால் எழுத்துருவை உருவாக்கிய கலைஞருக்கு அதில் ஒன்றும் சேரவில்லை. தரவை வைத்திருந்தவருக்கும் அடுத்த விண்டோஸ் வந்தபோது கையில் மிஞ்சியது படிக்க முடியாத கோப்பு.

இந்தச் சிக்கலுக்குப் பொது ஏற்பாடுகளால்தான் விடிவு வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியேற்றங்களும் தமிழக அரசின் தரமாயின. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் டிஸ்கி என்ற குறியேற்றத்தைத் தரமாக வளர்த்தார்கள். 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் ஏற்றது. தரம் என்பது யாருடைய தனிச் சொத்தும் அல்லாத ஒன்று. அதனாலேயே அது தங்கும். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய நூல்களைத் தட்டெழுதி இலவசமாக வழங்கிய அந்தத் திட்டம் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு நிபந்தனை வைத்தது: தாராளமாகப் பரப்பலாம், முகப்புப் பகுதியை மட்டும் நீக்கக் கூடாது. தட்டெழுதியவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்ற விவரம் அந்த முகப்பில் இருக்கும். சுவடியின் கடைசி ஏட்டில் இருந்த குறிப்பு கோப்பின் முதல் பக்கத்துக்கு இடம் மாறியிருக்கிறது. அனுமதியும் நிபந்தனையும் சேர்ந்த அந்த இரண்டு வரிகளே முழுமையான ஒரு லைசென்ஸ்.

எ-கலப்பையின் கதையும் இதே பக்கம் சாட்சி சொல்கிறது. 2000-களில் யூனிகோடில் எழுதத் தொடங்கிய பலருக்கு அதுதான் முதல் கருவி. தமிழா குழுவினர் இலவசமாகக் கொடுத்தார்கள். ஆனால் அதன் உள்ளே ஓடிய இயந்திரம் அவர்களுடையது அல்ல. டவுல்ட்சாஃப்ட் நிறுவனத்தின் கீமேன். ஆஸ்திரேலியாவின் மார்க் டர்டின் 1993-இல் லாவோ மொழியைத் தட்டெழுதுவதற்காக உருவாக்கிய மென்பொருள் அது. லாவோவுக்காகப் பிறந்த ஒன்று தமிழுக்கும் பயன்பட்டது என்பது காம்போனென்ட், அதாவது ஆயத்த உறுப்பு, என்ற ஏற்பாட்டின் பெருமை. அதே நேரம், இயந்திரத்தின் மூலநிரல் தமிழர் கையில் இல்லை. விண்டோஸ் மாறினால் இயந்திரமும் மாற வேண்டும். மாற்றும் உரிமை வேறொருவரிடம். எ-கலப்பை பின்னால் 3.0 பதிப்பில் கீமேனை விட்டுத் திறந்த மூலத்துக்கு வந்தது. கீமேனும் 2015-இல் எஸ்ஐஎல் அமைப்பிடம் சேர்ந்து, அதன்பின் திறந்த மூலமானது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. இதில் கீமேன் உரிமம் கேட்டதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. நிபந்தனை என்ன என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால், அது மாறும்போது என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசிக்கலாம். சிறிய மொழிச் சமூகத்துக்கு இந்த யோசனை கட்டாயம். பெரிய சந்தை நமக்காகக் காத்திருக்காது.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவதை எல்லாம் கேட்டிருக்கிறேன். முதல் மறுப்பு, நம் ஊரில் இதற்கெல்லாம் யார் வழக்குப் போடப் போகிறார்கள் என்பது. சட்டம் இல்லாமல் இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே காக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்தினால் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. ஆனால் நான் போலீசைக் காட்டிப் பயமுறுத்த வரவில்லை. வழக்கு வராது என்பதே உண்மையாக இருந்தாலும் வாதம் நிற்காது. மேலே சொன்ன மண்டியின் மீது யாரும் வழக்குப் போடவில்லை. ஆனாலும் அதன் மென்பொருள் செத்தது. உரிமம் தெரியாத பொருளைத் திருத்த முடியாது, விற்க முடியாது, அடுத்தவரிடம் ஒப்படைக்கவும் முடியாது. இன்று திண்டிவனத்தில் உட்கார்ந்து வெளிநாட்டுக்கு நிரல் எழுதும் பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் முதலில் கேட்கும் பட்டியலில் இதுவும் ஒன்று: உள்ளே என்னென்ன இருக்கிறது, எந்த லைசென்சில் இருக்கிறது?

இரண்டாவது மறுப்பு இன்னும் பரவலானது: நான் எடுத்தது எல்லாம் ஓப்பன் சோர்ஸ், இலவசம், எனக்கென்ன நிபந்தனை? இலவசம் என்பது விலையைப் பற்றிய சொல். உரிமம் கடமையைப் பற்றியது. எம்ஐடி உரிமம் பதிப்புரிமை வரியையும் அனுமதி வாசகத்தையும் காப்பாற்றச் சொல்கிறது. அப்பாச்சி உரிமம், நோட்டீஸ் என்ற கோப்பு வந்திருந்தால் அதையும் கூடவே கொடுக்கச் சொல்கிறது. ஜிபிஎல் இன்னும் ஒரு படி மேலே: அதைச் சேர்த்து உருவாக்கிய மென்பொருளை வெளியே கொடுத்தால், பெறுகிறவருக்கு மூலநிரலும் கிடைக்க வேண்டும். இதை மறந்ததால் என்ன ஆகும் என்பதற்கு லிங்க்சிஸ் நிறுவனத்தின் ரூட்டர் சான்று. வீடுகளில் வைக்கும் அந்தப் பெட்டிக்குள் லினக்ஸ் ஓடியது 2003-இல் வெளிவந்தது. அந்த நிரலை லிங்க்சிஸ் நேரடியாக எடுக்கவில்லை. சில்லு தயாரித்தவரிடமிருந்து கைமாறி வந்தது. லிங்க்சிசை அதே ஆண்டு வாங்கிய சிஸ்கோவின் தலையில் கடமை வந்து விழுந்தது. கேள்வி எழுந்தபின் மூலநிரல் வெளியானது. அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் வளர்ந்தது. இரவல் எத்தனை கை மாறினாலும் அதன் நிபந்தனை கூடவே வரும். அந்த நிபந்தனை மதிக்கப்பட்டபோது உலகுக்கு ஒரு புதிய மென்பொருள் கிடைத்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் இலவசமாக்கிவிடலாமே, விற்பதே பிழை என்று மறுமுனைக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. பாரதியின் பாடல்கள் இன்று யார் வேண்டுமானாலும் பாடலாம், அச்சிடலாம். அது தானாக நடந்துவிடவில்லை. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமராகவும் அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராகவும் இருந்த காலத்தில், 1949-இல், அரசு அந்த உரிமையைக் கேட்டு வாங்கியது. ஒலிப்பதிவு உரிமையை வைத்திருந்த ஏவி.எம். அதை விட்டுக்கொடுத்தது, குடும்பத்தாருக்குப் பணம் கொடுக்கப்பட்டது, பிறகு அது பொதுமக்கள் கைக்கு வந்தது. உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடி, அவரை மதித்து, ஈடு கொடுத்து, அதன் பின்னரே பொதுவாக்கினார்கள். இதுதான் ஒழுங்கு. மூலநிரலைத் திறந்து கொடுக்கிறவருக்கும் அரிசி வாங்கப் பணம் வேண்டும். காம்போனென்ட் விற்கிறவருடைய உழைப்பும் உழைப்புதான். விலைக்கு வருவதை விலை கொடுத்து வாங்கலாம், திறந்து வருவதன் நிபந்தனையை நிறைவேற்றலாம். இரண்டுமே கொடுத்தவரை மதிக்கும் வழிகள்.

கடைசி மறுப்புத்தான் கனமானது. ஒரு பேக்கேஜை இன்ஸ்டால் செய்தால் அது நூறு பேக்கேஜ்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வருகிறது. மூன்று பேர் வேலை செய்யும் அலுவலகம் அத்தனை லைசென்சையும் எப்படிப் படிக்கும்? இந்தக் கஷ்டம் உண்மை. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் எடுத்துவிட்டதால் உலகெங்கும் பெரிய திட்டங்கள் கட்டமுடியாமல் நின்றன. தாங்கள் அதை நம்பியிருந்ததே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. அதன் உரிமம் யாரும் எதுவும் செய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தது. ஆகவே எடுத்ததைத் திரும்ப வைக்கத் தடை இருக்கவில்லை. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தபோது, சில தன்னார்வலர்கள் பராமரித்த அது தங்கள் மென்பொருளில் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே நிறுவனங்கள் நாட்களைக் கழித்தன. பட்டியல் வைத்திருந்தவர்கள் தேடவில்லை, நேரே போய்த் திருத்தினார்கள். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பும் 2024 அக்டோபரில் மென்பொருள் உறுப்புப் பட்டியலுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. எல்லாவற்றையும் வரிவரியாகப் படிக்க வேண்டியதில்லை. அதிகம் புழக்கத்தில் இருக்கும் உரிமங்கள் விரல்விட்டு எண்ணிவிடக் கூடியவை. ஒருமுறை படித்தால் போதும். எந்தப் பேக்கேஜ் எந்த உரிமத்தில் வருகிறது என்று எடுத்துக்கொடுக்கக் கருவிகள் உண்டு. மனிதர் செய்ய வேண்டியது, சேர்க்கும் அன்றே பெயர், பதிப்பு எண், உரிமம், எதற்காகச் சேர்த்தோம் என்ற நான்கையும் எழுதி வைப்பது.

நமக்கு இது புதிய வழக்கமும் அல்ல. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சைவரான அவருக்குச் சமணக் கருத்துகள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணர்கள் விளக்கம் தந்தார்கள். பல ஊர்களிலிருந்து ஏடுகள் வந்தன. அவருடைய பதிப்புகளின் முன்பகுதியைத் திறந்து பார்த்தால், எந்தப் பிரதி எவரிடமிருந்து கிடைத்தது என்று பெயரும் ஊருமாகப் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல் நன்றி அறிவிப்பு மட்டும் என்று நினைத்தால் பாதிதான் புரிந்தது. ஒரு பாடத்தில் ஐயம் எழுந்தால் எந்த ஊர் ஏட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பின்னால் வருகிறவருக்கு அது வழி காட்டும். ஏட்டுக்கு உரியவரின் மானமும் காக்கப்பட்டது, பாடத்தின் நம்பகமும் காக்கப்பட்டது. விரைவாகச் செய்தி அனுப்பத் தந்தி தவிர வேறு வழி இல்லாத காலத்தில், ஊர் ஊராக அலைந்து ஏடு தேடிய ஒருவரால் இது முடிந்தது. ஒரு கட்டளையில் பட்டியல் எடுக்கக் கூடிய நமக்கு நேரமில்லை என்ற பேச்சு பொருந்தாது.

இளைய புரோகிராமர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். அடுத்த முறை ஒரு லைப்ரரியை நிறுவும்போது, ஓட்டிப் பார்ப்பதற்கு முன் அதனுடன் வந்த லைசென்ஸ் கோப்பைத் திறந்து ஐந்து நிமிடம் படியுங்கள். உங்கள் மென்பொருளின் அடைவில் ஒரு உரைக்கோப்பைத் தொடங்கி முதல் வரியை எழுதுங்கள்: இதை இன்னாரிடமிருந்து, இந்த நிபந்தனையில், இந்தத் தேதியில் எடுத்தோம். பத்தாண்டு கழித்து உங்களை அறியாத ஒருவர் அந்த மென்பொருளைத் திருத்த உட்காருவார். சுவடியைப் புரட்டுகிறவர் கடைசி ஏட்டுக்கு வந்து எழுதியவர் பெயரைப் பார்ப்பதைப்போல, அவர் அந்தக் கோப்பைத்தான் தேடுவார்.